தஸ்வந்த்: சீக்கியர்களின் பத்தில் ஒரு பங்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமிர்தசரஸ் பொற்கோயிலில் சாதாரண நாளிலேயே ஐம்பதாயிரம் பேருக்கு மேல் இலவசமாகச் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றும். பார்த்ததும் நம்ம ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதுக்கெல்லாம் காசு எங்கேயிருந்து வருது?" அதற்குப் பெரும்பகுதி பதில் தஸ்வந்த் என்ற பழக்கத்தில் இருக்கிறது. அதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் கீழே தந்திருக்கிறேன்.

தஸ்வந்த் என்றால் என்ன?

ஒரு சீக்கியர் தன் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் குருவின் பெயரால் பொதுக் காரியத்துக்கு ஒதுக்குவது. கிறிஸ்தவர்கள் தசமபாகம் என்று சொல்வார்களே, அளவில் அதேதான். ஆனால் சீக்கியத்தில் இது தனியாக நிற்கும் விதி கிடையாது. நேர்மையாக உழை, இறைவன் பெயரை நினை, பகிர்ந்து உண் என்று மூன்று கடமைகளை எல்லா சீக்கியக் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். பஞ்சாபியில் கிரத் கரோ, நாம் ஜபோ, வண்ட் சகோ. அதில் மூன்றாவதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த வடிவம்தான் தஸ்வந்த். முதல் கடமையை விட்டுவிட்டு இதை மட்டும் செய்ய முடியாது, அதைப் பிறகு சொல்கிறேன்.

பத்து சதவீதம் என்று குரு கிரந்த் சாகிப்பில் எழுதியிருக்கிறதா?

சீக்கியர்களின் புனித நூலான அதில் அளவை நிர்ணயித்துச் சொல்லவில்லை. கொடுக்கச் சொல்லி இருக்கிறது. 1245-ஆம் பக்கத்தில் குரு நானக்கின் புகழ்பெற்ற வரி ஒன்று வருகிறது: பாடுபட்டு உண்டு, தன் கையால் கொஞ்சம் பிறருக்கும் கொடுப்பவர்களே வழியை அறிந்தவர்கள் என்பது அதன் பொருள். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பது பின்னால் குருமார் காலத்து நடைமுறையில் உருவானது. பத்தாவது குருவான கோவிந்த் சிங்கின் அவையில் இருந்த பாய் நந்த்லாலின் பெயரால் வழங்கும் தங்காநாமா என்ற ஒழுக்கநூல், தஸ்வந்த் கொடுக்காமல் பொய் சொல்லித் தின்பவனை நம்பவே கூடாது என்கிறது. இன்றைய சீக்கிய ஒழுக்க விதிகளான ரஹித் மரியாதாவிலும், அமிர்தம் பெற்று, தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பான கால்சாவில் சேருபவருக்குச் சொல்லும் அறிவுரைகளில் தஸ்வந்தும் ஒன்றாக வருகிறது.

இதைத் தொடங்கியது யார்? அந்தக் காலத்தில் எப்படி வசூலித்தார்கள்?

விதை குரு நானக் போட்டது. அவர் சின்ன வயதில் இருந்தபோது அப்பா மேத்தா காலு 20 ரூபாய் கொடுத்து, லாபமாக ஏதாவது வியாபாரம் செய்துவிட்டு வா என்று அனுப்ப, இவர் வழியில் பசியோடு இருந்த சாதுக்களுக்குச் சாப்பாடு வாங்கிப் போட்டுவிட்டு, இதைவிட நல்ல வியாபாரம் ஏது என்று திரும்பி வந்தார் என்பது மரபுக் கதை. அப்பாவிடம் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பதும் கதையில் உண்டு. அந்த இடத்தில் இன்று சச்சா சௌதா, அதாவது உண்மையான வியாபாரம், என்ற பெயரில் ஒரு குருத்வாரா இருக்கிறது, பாகிஸ்தான் பக்கப் பஞ்சாபில்.

ஏற்பாடு என்ற ஒன்று வந்தது அதற்கப்புறம். மூன்றாவது குரு அமர்தாஸ், பரவிக் கிடந்த சீக்கியர்களை மஞ்சி என்ற 22 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரைப் போட்டார். நான்காவது குரு ராம்தாஸ் அமிர்தசரஸை உருவாக்கத் தொடங்கியபோது, குளம் வெட்ட, ஊரை எழுப்பப் பணம் வேண்டியிருந்தது. மசந்துகள் என்ற பிரதிநிதிகள் அவர் காலத்தில் வந்தார்கள். ஐந்தாவது குரு அர்ஜன் காலத்தில் (1581 முதல் 1606 வரை) பத்தில் ஒரு பங்கு என்பது நிலைபெற்றது. அவரவர் பகுதியில் சேர்ந்ததை மசந்துகள் வாங்கி, வைசாகி சமயத்தில் அமிர்தசரஸுக்கு வந்து குருவிடம் ஒப்படைப்பார்கள். ஹர்மந்திர் சாகிப், அதாவது பொற்கோயில், எழும்பியது இந்தப் பணத்தில்தான். அடுத்து வந்த குரு ஹர்கோபிந்த், தந்தை முகலாயரால் கொல்லப்பட்ட பிறகு, காணிக்கையாகக் குதிரையும் ஆயுதமும் கொண்டு வாருங்கள் என்று கேட்டார். காலத்துக்கு ஏற்ப காணிக்கையும் மாறியது.

மசந்துகளைக் குரு கோவிந்த் சிங் ஒழித்தார் என்கிறார்களே, ஏன்?

என்னைக் கேட்டால் தஸ்வந்தைப் புரிந்துகொள்ள இந்தக் கதை ஒன்றே போதும். நூறு வருஷத்தில் மசந்து பதவி அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிற குடும்பச் சொத்தாகிவிட்டது. வசூலித்தவர்களே குட்டிக் குருக்களாக உட்கார்ந்துகொண்டார்கள், வந்த பணத்தில் பாதி குருவைப் போய்ச் சேரவே இல்லை, போட்டிக் குருக்கள் யாராவது கிளம்பினால் அவர்கள் பக்கம் சாய்ந்தார்கள்.

1664-இல் எட்டாவது குரு டெல்லியில் இறக்கும்போது அடுத்த குரு பாபா பகாலாவில் இருக்கிறார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். உடனே அந்தச் சின்ன ஊரில் 22 பேர் நான்தான் குரு என்று கடை விரித்தார்கள். மக்கன் ஷா லபானா என்ற வணிகர், தன் கப்பல் புயலில் சிக்கியபோது 500 பொன் மொகர் காணிக்கை நேர்ந்துகொண்டவர், இதில் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஒவ்வொருவர் முன்பும் இரண்டு மொகர் வைத்துப் பார்த்தாராம். எல்லாரும் மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டார்கள். ஒதுங்கி இருந்த தேக் பகதூர் மட்டும், மீதி எங்கே என்று கேட்டார். வணிகர் கூரைமேல் ஏறி, குரு கிடைத்துவிட்டார் என்று கத்தினார். மரபாகச் சொல்லப்படும் கதைதான், ஆனால் அன்றைய வசூல் உலகம் எப்படி இருந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

குரு கோவிந்த் சிங் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். அவர் பெயரால் வழங்கும் தசம் கிரந்தம் என்ற நூலில் உள்ள 33 சவையே பாடல்களில் மசந்துகளைக் கிழித்திருக்கிறார்: கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பக்திக் கண்ணீர் வருவதாகக் காட்டுவார்கள், பணக்காரச் சீடன் வந்தால் தாங்களே சாப்பாடு பரிமாறுவார்கள், காசில்லாதவன் கேட்டு வந்தால் முகத்தையே காட்ட மாட்டார்கள். கடைசியில் பதவியையே ஒழித்து, 1699-இல் கால்சாவை உருவாக்கிய அந்தக் காலகட்டத்தில், ஊர் ஊருக்கு எழுதிய ஹுகம்நாமா கடிதங்களில், மசந்துகளிடம் எதையும் கொடுக்காதீர்கள், நீங்களே நேரில் கொண்டு வாருங்கள் என்று உத்தரவிட்டார். ரஹித் மரியாதாவில் இன்றைக்கும் மசந்துகளோடு உறவு வைப்பது குற்றமாக இருக்கிறது. முந்நூறு வருஷம் கழித்தும் அந்தக் கோபம் ஆறவில்லை.

அப்படியானால் இப்போது யார் வசூலிக்கிறார்கள்? கொடுக்காவிட்டால் என்ன ஆகும்?

யாரும் வசூலிப்பதில்லை. பதிவேடு கிடையாது, சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்ல மாட்டார்கள், வீட்டுக்கு ஆள் வராது. கொடுக்காதவர் குருத்வாராவுக்குள் வரலாம், லங்கர் என்ற இலவசப் பொதுப் பந்தியில் சாப்பிடலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். மசந்துகளை ஒழித்தபோதே விதியை வைத்துக்கொண்டு வசூல்காரரை எடுத்துவிட்டார்கள். எனவே எல்லாச் சீக்கியரும் கணக்காகப் பத்து சதவீதம் கொடுக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பலர் கொடுப்பதில்லை, சிலர் பத்தைத் தாண்டிக் கொடுக்கிறார்கள், நிறைய பேர் கணக்கே பார்க்காமல் போகும்போதெல்லாம் போடுகிறார்கள்.

மொத்தச் சம்பளத்திலா, வரி போகக் கையில் வருவதிலா?

ரஹித் மரியாதாவில் இதற்கு விளக்கம் இல்லை. வரி பிடித்த பிறகு கையில் வருவதில் பத்தில் ஒன்று என்று பலர் வைத்துக்கொள்கிறார்கள், மொத்தத்தில் கொடுக்கிறவர்களும் உண்டு. விவசாயி என்றால் விதை, உரம், கூலி எல்லாம் போக மிஞ்சுவதில் பார்ப்பதுதான் நியாயம். கடைக்காரருக்கும் அப்படியே, விற்பனைத் தொகையில் பத்து சதவீதம் கொடுத்தால் கடையை மூட வேண்டியதுதான். சம்பளம் வந்த அன்றே தனியாக எடுத்து வைத்துவிடுவது பழைய பழக்கம், மாதக் கடைசியில் மிஞ்சியதில் கொடுப்பதைத் தஸ்வந்த் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெற்றோருக்கு அனுப்புவதை இதில் சேர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். அது பிள்ளையின் கடமை, தனிக் கணக்கு என்பதுதான் என் கருத்து.

கடனில் இருக்கிறேன், அல்லது வருமானமே இல்லை. என்ன செய்வது?

வருமானம் இல்லையென்றால் பத்தில் ஒன்று பூஜ்யம், விஷயம் முடிந்தது. வட்டிக்கு வாங்கிக் கொடுக்கச் சொல்லி எந்தக் குருவும் சொல்லவில்லை.

பணமாகத்தான் கொடுக்க வேண்டுமா?

இல்லை. பஞ்சாபில் அறுவடை முடிந்ததும் கோதுமை மூட்டைகள் குருத்வாராவுக்கு வரும், தினமும் பால் கொண்டு வந்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், காய்கறி, பருப்பு, நெய், சர்க்கரை எல்லாம் வரும். ஒருவர் கொண்டுவந்த ஒரு படி பருப்பும் லாரியில் வந்த பருப்பும் ஒரே அண்டாவில்தான் வேகும்.

அதைவிட முக்கியமானது உழைப்பு, சேவா என்பார்கள். சப்பாத்தி தேய்ப்பது, பாத்திரம் கழுவுவது, வருகிறவர்களின் செருப்பை வாங்கி வைத்துத் துடைப்பது. வங்கி அதிகாரியும் ரிக்ஷாக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிப்பதைப் பார்க்கலாம். நாளில் பத்தில் ஒரு பங்கு நேரத்தையும் கொடுக்க வேண்டும் என்று சிலர் கணக்குப் போடுவார்கள், அதாவது 2 மணி 24 நிமிடம்; இதில் பெரும்பகுதி விடியற்காலைப் பிரார்த்தனைக்குப் போய்விடும். பெரிய வேலைகளைக் கூட்டாகச் செய்வதற்குக் கார் சேவா என்று பெயர். பொற்கோயில் குளத்தில் நீரை இறைத்துவிட்டுத் தூர் வாரும் வேலை 1923-லும் 1973-லும் அப்படித்தான் நடந்தது, பெண்களும் முதியவர்களும் தலையில் சேறு சுமந்தார்கள்.

குருத்வாராவுக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டுமா?

இதில் சீக்கியர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. பந்தின், அதாவது சமூகத்தின், பொது நிதிக்குத்தான் போக வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம். ஏழையின் வாயே குருவின் உண்டியல் என்ற பழைய பஞ்சாபிச் சொல்லைக் காட்டி, பசித்தவனுக்கும் நோயாளிக்கும் கொடுத்தாலே போய்ச் சேர்ந்துவிட்டது என்பவர்கள் மறுபக்கம். நான் இரண்டாம் கட்சி.

அதற்கு அமிர்தசரஸில் இருக்கும் பிங்கல்வாராவே சாட்சி. 1934-இல் லாகூரில் டேரா சாகிப் குருத்வாரா வாசலில் நடக்க முடியாத ஒரு சின்னப் பையனை யாரோ விட்டுவிட்டுப் போனார்கள். அங்கே சேவை செய்துகொண்டிருந்த பகத் பூரண் சிங் அவனை எடுத்து வளர்த்தார், பதினான்கு வருஷம் முதுகில் சுமந்தே திரிந்தார். 1947 பிரிவினையில் அவனையும் சுமந்துகொண்டு அகதியாக அமிர்தசரஸ் வந்து, தெருவில் கிடந்த நோயாளிகள், மனநிலை பாதித்தவர்கள், கைவிடப்பட்டவர்கள் எல்லாரையும் சேர்த்துக்கொண்டு தொடங்கியதுதான் பிங்கல்வாரா. அவர் வாழ்நாள் முழுக்கக் குருத்வாரா வாசல்களில் உட்கார்ந்து பணம் திரட்டினார், அங்கேயே சுற்றுச்சூழல் பற்றிய துண்டுப் பிரசுரங்களையும் வருகிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகும் அந்த இல்லம் நடக்கிறது, இன்றும் பலரின் தஸ்வந்த் நேராக அங்கே போகிறது. பிரிட்டனில் 1999-இல் கொசோவோ அகதிகளுக்கு உதவியதில் தொடங்கிய கால்சா எய்டு போன்ற அமைப்புகளுக்கும் இப்போது இளைஞர்கள் இதே கணக்கில் கொடுக்கிறார்கள். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது காசியாபாத்தில் ஒரு குருத்வாரா ஆக்சிஜன் லங்கர் நடத்தியது நினைவிருக்கும், மூச்சுத் திணறி வந்தவர்களுக்குக் காரில் உட்கார வைத்தே ஆக்சிஜன் கொடுத்தார்கள்.

தப்பான வழியில் சம்பாதித்ததில் பத்தில் ஒன்று கொடுத்தால் மீதி சுத்தமாகிவிடுமா?

ஆகாது. குரு நானக் சைத்பூருக்குப் போனபோது லாலோ என்ற ஏழைத் தச்சன் வீட்டில் தங்கினார். ஊர்ப் பெரிய அதிகாரி மாலிக் பாகோ விருந்துக்குக் கூப்பிட்டும் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, லாலோவின் காய்ந்த ரொட்டியை ஒரு கையிலும் பாகோவின் பலகாரத்தை மறு கையிலும் வைத்துப் பிழிய, ரொட்டியிலிருந்து பாலும் பலகாரத்திலிருந்து ரத்தமும் வந்தது என்பார்கள். அதிசயத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் ஆசா தி வார் என்ற பாடல் தொகுப்பில் அவருடைய நேரடியான பாடலே இருக்கிறது: ஒருவன் வீட்டில் திருடி அதை முன்னோருக்குப் படைத்தால், அங்கே அந்தப் பொருள் அடையாளம் தெரிந்துவிடும், முன்னோர்கள்தான் திருடர்கள் ஆவார்கள் என்கிறார். நடுவில் நின்று வாங்கிக்கொடுத்த தரகனின் கை வெட்டப்படுமாம். இதைவிடக் காரமாகச் சொல்ல முடியுமா தெரியவில்லை.

கொடுத்தால் பத்து மடங்காகத் திரும்பி வரும் என்கிறார்களே?

பேச்சாளர்கள் சிலர் அப்படிச் சொல்லித்தான் உண்டியலை நிரப்புகிறார்கள். அதே ஆசா தி வாரில், கொடுத்துக் கொடுத்து ஆயிரம் மடங்கு திருப்பிக் கேட்கிறார்கள், உலகம் மெச்ச வேண்டும் என்றும் ஆசைப்படுகிறார்கள் என்று குரு நானக் இந்த மாதிரி ஆட்களைத்தான் சொல்லிக் காட்டினார். சுவரில் பளிங்குக் கல்லில் தன் பெயரைப் பொறிக்கச் சொல்லிக் கொடுப்பவர்களும் இந்த வரியைக் கொஞ்சம் படிக்கலாம்.

உண்டியலில் போட்ட பணம் எங்கே போகிறது?

உண்டியலுக்குக் கோலக் என்று பெயர். சின்ன ஊர் குருத்வாரா என்றால் அந்த ஊர்க் கமிட்டி எண்ணும், கரண்ட் பில், கிரந்தத்தை ஓதும் கிரந்தியின் சம்பளம், லங்கர் சாமான் என்று போகும். பஞ்சாபின் வரலாற்றுப் புகழ் பெற்ற குருத்வாராக்கள் எஸ்ஜிபிசி எனப்படும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியின் கையில் இருக்கின்றன. அதன் ஆண்டு பட்ஜெட் இப்போது ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது; பள்ளி, கல்லூரி, மருத்துவமனை எல்லாம் அதில் அடக்கம்.

இந்தக் கமிட்டி சும்மா வந்துவிடவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் குருத்வாராக்கள் மஹந்துகள் என்ற பரம்பரை நிர்வாகிகளின் சொந்தச் சொத்து போல ஆகிவிட்டன. மசந்து கதை திரும்பவும். 1920-இல் எஸ்ஜிபிசி உருவாகி, அகாலிகள் என்ற சீர்திருத்தப் போராட்டக்காரர்கள் ஒவ்வொரு குருத்வாராவாக மீட்கக் கிளம்பினார்கள். 1921 பிப்ரவரி 20 அன்று, குரு நானக் பிறந்த நன்கானா சாகிப்பில், உள்ளே அமைதியாக வந்தவர்களை மஹந்தின் அடியாட்கள் சுட்டும் வெட்டியும் எரித்தும் கொன்றார்கள். அப்புறம் இன்னும் பல போராட்டங்கள், ஆயிரக்கணக்கானோர் சிறை. 1925-இல்தான் குருத்வாரா சட்டம் வந்து, தேர்தல் மூலம் அமையும் கமிட்டிக்கு நிர்வாகம் போனது. சட்டம் வந்ததால் எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கமிட்டித் தேர்தல் அரசியல் கட்சிச் சண்டையாகிவிட்டது, தங்கமும் பளிங்கும் பதிப்பதற்குப் பதில் கிராமத்துப் பள்ளிகளுக்குச் செலவழியுங்கள் என்று சீக்கியர்களே கத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் குரல் நியாயமானது.

லங்கர் முழுக்க தஸ்வந்தில்தான் நடக்கிறதா?

தஸ்வந்த், மற்ற காணிக்கைகள், பொருளாக வருவது, கூலியில்லா உழைப்பு, நான்கும் சேர்ந்து நடக்கிறது. இரண்டாவது குரு அங்கத் காலத்து லங்கரை அவர் மனைவி மாதா கீவி நடத்தினார். நெய் விட்ட பாயசம் பரிமாறினார் என்று குரு கிரந்த் சாகிப்பிலேயே அவர் பெயரோடு வருகிறது. குரு அமர்தாஸ், முதலில் பந்தியில் உட்கார், பிறகு என்னைப் பார் என்று வைத்துவிட்டார். அரசனும் தரையில்தான்.

2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது லங்கர் நெய்க்கும் சர்க்கரைக்கும் வரி விழ, பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. அதன்பின் 2018-இல் சேவா போஜ் யோஜனா என்ற திட்டம் வந்தது. மாதம் குறைந்தது 5,000 பேருக்கு இலவச உணவு போடும் எந்த மத நிறுவனமும் அதில் மத்திய அரசின் வரிப் பங்கைத் திரும்பப் பெறலாம் என்று ஏற்பாடு செய்தார்கள்.

சீக்கியர் அல்லாதவர்கள் கொடுக்கலாமா?

தாராளமாக. தலையை மூடிக்கொள்ள வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும், பீடி சிகரெட், மது கையில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். சாப்பிட்டதற்குப் பதிலாகக் காசு போட வேண்டும் என்று நினைத்துத் தயங்க வேண்டாம், லங்கருக்குக் கட்டணம் கிடையாது. பொருளாகக் கொடுக்க நினைத்தால் என்ன தேவை என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். எல்லாரும் சர்க்கரையே வாங்கிக் கொடுத்தால் பருப்புக்கு எங்கே போவார்கள்? கிரந்தத்தைப் போர்த்தும் ருமாலாத் துணியும் அப்படித்தான், பல இடங்களில் பீரோ நிறையக் கிடக்கிறது.

நம்ம பக்கம் இந்த லங்கர் எப்போதாவது வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது, அதுவும் பெரியார் சிறை போன அதே போராட்டத்தில். 1924-இல் வைக்கம் சத்தியாகிரகம் நடந்தபோது பஞ்சாபிலிருந்து அகாலிகள் வந்து போராட்டக்காரர்களுக்கு இலவச லங்கர் திறந்தார்கள். அவர்களே அப்போது ஊரில் குருத்வாராக்களுக்காக அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. காந்தி இதை ஒப்புக்கொள்ளவில்லை, உள்ளூர்க்காரர்கள் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும், இது சுயமரியாதைக்கு ஆகாது என்ற நிலை எடுத்தார், சமையலறை மூடப்பட்டது. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஒரே பந்தியில் எல்லாச் சாதியும் உட்காருவது என்பது, ஒடுக்கப்பட்டவர்கள் நடக்கவே கூடாது என்று தடுத்திருந்த அந்தக் கோயில் தெருவில் எந்தப் பேச்சையும்விடப் பெரிய போராட்டமாக இருந்திருக்கும்.

வருமான வரிக் கழிவு கிடைக்குமா?

நீங்கள் கொடுக்கும் குருத்வாராவோ அறக்கட்டளையோ 80ஜி என்று நாம் பழகிய அந்தப் பதிவை வைத்திருந்தால், நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால் கிடைக்கும். புதிய முறையில் கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கழிவு இல்லை, வங்கி வழியாகக் கொடுங்கள். உண்டியலில் போட்டதற்கு ரசீது கேட்க முடியாது. அலுவலகத்தில் கட்டினால் எழுதித் தருவார்கள்.

சென்னையில் எங்கே கொடுக்கலாம்?

தி.நகர் ஜி.என். செட்டி சாலையில் குருத்வாரா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனால் கீர்த்தனையும் கேட்கலாம், லங்கரிலும் உட்காரலாம். காசு கொடுப்பதற்கு முன் ஒருமுறை பரிமாறும் வேலையில் நின்று பாருங்கள், கேட்டால் வாளியைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.